ஸ்டார்ட்அப் வேலை விளம்பரம்: எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

போன வருடம் அக்கா மகள் ஒரு வேலை விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இது ஓகேவான்னு பாருங்க" என்று கேட்டாள். சென்னை பெருங்குடியில் ஆபீஸ். ஆண்டுக்கு 6 லட்சம். "உடனே சேரக்கூடியவர்கள் மட்டும்." கீழே, "நாங்கள் ஒரு குடும்பம்." பார்த்ததுமே வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

ஆனால் நான் பிழைப்புக்குச் செய்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங். திரையில் ஒரு கோளாறு தெரிந்தால் அதற்கு இதுதான் காரணம் என்று அங்கேயே முடிவு கட்டுகிறவன் இந்தத் தொழிலில் நிறைய அசிங்கப்படுவான். வேலை விளம்பரமும் அப்படித்தான். சின்ன ஸ்டார்ட்அப்புகள் பலவற்றில் எச்.ஆர். என்று தனியாக ஆளே கிடையாது. ஃபவுண்டர் ராத்திரி பதினொரு மணிக்கு வேறொரு கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருப்பார். எழுதத் தெரியாமல் எழுதியவரும் மறைப்பதற்காகவே எழுதியவரும் விளம்பரத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ஒரு நேரான கேள்வி கேட்டால் பிரிந்துவிடுவார்கள். முதல் ஆள் பதில் சொல்வார், தெரியாவிட்டால் கேட்டுச் சொல்கிறேன் என்பார். இரண்டாம் ஆள் உங்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்: "நீங்க ரொம்பப் பணத்தையே பாக்குறீங்களே?"

அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சாதாரணக் காரணம், கெட்ட காரணம், எது என்று பிரிக்கும் சோதனை என்று எழுதியிருக்கிறேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சோதனை கிடையாது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

பணம் கேட்கிறார்கள்

பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், வெரிஃபிகேஷன் செலவு, "சேர்ந்ததும் திருப்பித் தருவோம்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி, அதற்கு நல்ல காரணம் என்று ஒன்று இல்லை. அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்காணலே இல்லாமல் டெலிகிராமில் ஒரு மணி நேரத்தில் ஆஃபர் வருவதும், பெரிய கம்பெனி பெயர் சொல்லிக்கொண்டு ஜிமெயில் முகவரியிலிருந்து கடிதம் வருவதும் இதே வகை. பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930-க்குப் போன் போடுங்கள். அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

தேடினால் கம்பெனியே கிடைக்கவில்லை

இதற்குச் சாதாரணக் காரணம்தான் பெரும்பாலும் இருக்கும். ஆப்புக்கு ஒரு பெயர், பதிவு செய்த கம்பெனிக்கு வேறு பெயர். ஆகவே முதல் வேலை, "சட்டப்படி பதிவான பெயரும் சிஐஎன் எண்ணும் தர முடியுமா?" என்று கேட்பது. சிஐஎன் என்பது பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் உள்ள அடையாள எண், ரகசியம் இல்லை. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி லெட்டர்ஹெட்டில் பெயர், பதிவு அலுவலக முகவரியோடு இந்த எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். ஆஃபர் லெட்டரிலேயே அது இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்கலாம்.

சிஐஎன் 21 எழுத்து கொண்டது. படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி ஜாதகம் அதிலேயே இருக்கிறது. யு என்று தொடங்கினால் பங்குச் சந்தையில் பட்டியலாகாத கம்பெனி. அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. பிறகு டிஎன் என்று வந்தால் தமிழ்நாட்டில் பதிவானது. அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. அப்புறம் பிடிசி என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். "பத்து வருட அனுபவம் கொண்ட நிறுவனம்" என்று விளம்பரம் சொல்லி, எண்ணில் 2023 என்று இருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. முன்பு தனிநபர் தொழிலாக நடத்தியிருக்கலாம், வெளிநாட்டுத் தாய் நிறுவனம் இருக்கலாம். ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில்கள்தான் இவை.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் இந்த எண்ணைப் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதா, கடைசியாக எந்த ஆண்டின் கணக்கைத் தாக்கல் செய்தார்கள் என்பதெல்லாம் தெரியும். மூலதனம் 1 லட்சம் என்று இருந்தால் பதற வேண்டாம், பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று வருடமாகக் கணக்கே தாக்கலாகவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதித் தளத்தில் இருக்கிறது. அங்கே நிறுவனத்தைத் தேடும் பக்கத்தில் பெயரைப் போட்டால் நிறுவனக் குறியீடு வரும். சென்னையில் பழைய பதிவுகள் பலவும் டிஎன்எம்ஏஎஸ் என்று ஆரம்பிக்கும், எம்ஏஎஸ் என்பது மெட்ராஸ். உள்ளே போனால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று மாதவாரியாக வரும். விளம்பரத்தில் "200 பேர் கொண்ட குழு" என்று போட்டவர்கள் இங்கே 26 பேருக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள். 20 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு பி.எஃப். கட்டாயமில்லை, அதனால் எட்டுப் பேர் கம்பெனி இதில் தெரியாவிட்டால் குற்றமில்லை.

அக்கா மகளின் கம்பெனியைப் பதிவுப் பெயரில் தேடினோம். ஒரு மாதம் 41 பேர், அடுத்த மாதம் 38, அதற்கடுத்த மாதம் 23.

"மாமா, ஆள் எடுக்கறாங்களா, அனுப்பறாங்களா?"

"அதை அவங்க கிட்டயே கேளு" என்றேன். கேட்டாள். என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

"சேலரி நோ பார்"

நான் ஏமாந்த விளம்பரத்தில் இதுதான் இருந்தது. சம்பளம் ஒரு தடையே இல்லையாம். உண்மையில் தடையாகத்தான் இருந்தது, அவர்களுக்கு. மூன்றாவது மாதத்திலிருந்து சம்பளம் பத்தாம் தேதி, இருபதாம் தேதி என்று நகர ஆரம்பித்தது. பே ஸ்லிப்பில் பி.எஃப். பிடித்தம் மட்டும் ஒழுங்காக இருக்கும். ஒரு வருடம் கழித்துத்தான் பிடித்த பணம் கணக்குக்கே போகவில்லை என்று தெரிந்தது. மேலே சொன்ன தேடலை அன்றைக்கு ஐந்து நிமிடம் செய்திருந்தால் அவர்கள் எத்தனை மாதமாகக் கட்டவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும்.

சம்பளம் போடாத விளம்பரத்துக்குச் சாதாரணக் காரணமும் உண்டு. இருக்கிற ஊழியர்கள் பார்த்துவிட்டு எங்களுக்கு ஏன் இவ்வளவு இல்லை என்று கேட்பார்கள் என்ற பயம்தான் அது. சோதனை சுலபம். முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, "இந்த வேலைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை?" என்று கேளுங்கள். "உங்க இப்போதைய சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால், அவர்களிடம் அந்த வேலைக்கு விலை இல்லை, உங்களுக்குத்தான் விலை வைக்கப் பார்க்கிறார்கள்.

தொகை சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. சிடிசி என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு, நம் கைக்கு வரும் சம்பளம் அல்ல. அக்கா மகளுக்கு வந்த தாளை அப்படியே பிரித்துக் காட்டுகிறேன்.

மொத்தம் 6,00,000. அதில் 1,20,000 பெர்ஃபார்மன்ஸ் பே, ஆண்டு முடிவில், "கம்பெனியின் நிலையைப் பொறுத்து". ஜாய்னிங் போனஸ் 25,000, ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும். கம்பெனி கட்டும் பி.எஃப். மாதம் 1,800 வீதம் 21,600. கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்கு, அடிப்படைச் சம்பளம் 17,500-இல் 4.81 சதவீத வீதம், ஆண்டுக்கு 10,101. அது பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும் பணம். மருத்துவக் காப்பீடு 6,299. இவ்வளவையும் கழித்தால் மிச்சம் 4,17,000, மாதத்துக்கு 34,750. இதில் நம் பங்கு பி.எஃப். 1,800 போகும். மாநகராட்சிக்குத் தொழில் வரி அரையாண்டுக்கு 1,250. கடைசியில் கையில் வருவது சுமார் 32,700.

ஆறு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து ஐம்பதாயிரம் என்று வேளச்சேரியில் வீடு பார்க்கப் போயிருந்தாள். பாவம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் எல்லோரும் காட்டுவதுதான். கவனிக்க வேண்டியது அந்த 1,20,000 மட்டும். "போன வருடம் இந்தத் தொகையில் எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். கொடுத்தவர்களுக்கு அந்த எண் நாக்கு நுனியில் இருக்கும்.

சம்பளத்துக்குப் பதில் ஈசாப்

ஈசாப் என்பது கம்பெனியின் பங்கைப் பின்னால் ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ள ஊழியருக்குத் தரும் உரிமை. சென்னையில் இந்த ஆசைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2010-இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஐநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று செய்தி வந்தது. அது உண்மை. அதற்குப் பிறகு ஓஎம்ஆரில் இரண்டாவது மாடியில் ஆறு மேசை போட்டவர்கள்கூட "நாளைய கோடீஸ்வரர் நீங்கள்தான்" என்று விளம்பரம் போட ஆரம்பித்தார்கள். தொடங்கியதற்கும் பட்டியலானதற்கும் இடையில் பதினோரு வருடம் என்பதை யாரும் சொல்வதில்லை.

"உங்களுக்கு 50,000 பங்குகள்" என்பது எண்ணே அல்ல. மொத்தம் எத்தனை பங்கு என்று கேட்க வேண்டும். ஒரு கோடி என்றால் உங்கள் பங்கு அரை சதவீதம். ஐம்பது கோடி என்றால் 0.01 சதவீதம். அடுத்து, வாங்கும் விலை என்ன, எத்தனை வருடத்தில் வெஸ்ட் ஆகும் (அதாவது வாங்கும் உரிமை உங்கள் கைக்கு வரும்), வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் காசு கட்டி வாங்க வேண்டும். வாங்கும் நேரத்தில் சந்தை மதிப்புக்கும் நீங்கள் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும், அந்தப் பங்கை விற்க ஆளே இல்லாவிட்டாலும் சரி. தகுதிச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்புகளுக்கு மட்டும் அந்த வரியைத் தள்ளிக் கட்டும் சலுகை இருக்கிறது.

ஒரு சின்னப் பொறி: ஈசாப் கொடுத்த நாளிலிருந்து முதல் வெஸ்டிங் வரை குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும் என்பது விதி. "சேர்ந்த அன்றே பங்கு உங்கள் பெயரில்" என்று எழுதியவருக்கு அந்த விதி தெரியவில்லை, அல்லது அது ஈசாப்பே இல்லை. திட்டத்தின் நகலைக் கேளுங்கள். "இன்னும் ரெடியாகல" என்பது நேர்மையான பதில்தான். ஆனால் ரெடியாகாத பொருளுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று பேர் வேலை, ஒரே பெயர்

"ஆப் டெவலப்மென்ட், சர்வர், டெஸ்டிங், வாடிக்கையாளர் அழைப்பு, சமூக ஊடகம்." ஐந்து பேர் கம்பெனியில் இது இயல்பு, கற்றுக்கொள்ளவும் வாய்ப்பு. எழுபது பேர் கம்பெனியில் இது இருந்தால் மூன்று பேர் போய்விட்டார்கள், ஒரே ஆளை எடுக்கப் பட்ஜெட் இருக்கிறது என்று அர்த்தம். "இந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார்? முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்தால் நல்லவன் என்பீர்கள்?" இரண்டு கேள்வியும் போதும். "எல்லாத்தையும்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

"நாங்கள் ஒரு குடும்பம்" என்ற வரியைப் பலரும் பெரிய அபாயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது வெறும் வழக்கமாகிவிட்டது, "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது" போல.

மாதா மாதம் அதே விளம்பரம்

வேலைத் தளங்களின் விதிப்படி பழைய விளம்பரத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பார்கள், அது சாதாரணம். இல்லையென்றால் ஆள் வந்து வந்து ஓடுகிறார்கள். லிங்க்ட்இனில் அந்தக் கம்பெனியின் முன்னாள் ஊழியர்களைத் தேடி, அதே பதவியில் இருந்தவர்கள் எத்தனை மாதம் இருந்தார்கள் என்று பாருங்கள். வரிசையாக ஐந்து மாதம், நான்கு மாதம் என்று இருந்தால், அவர்களில் ஒருவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். விலகியவர்கள் எழுத்தில் எதுவும் சொல்ல மாட்டார்கள். போன் நம்பர் கொடுப்பார்கள், அதிலேயே விஷயம் புரிந்துவிடும்.

நேர்காணலுக்கு முன் ஒரு வார வேலை

இரண்டு மூன்று மணி நேர அசைன்மென்ட் நியாயம். அவர்களுடைய நிஜ வாடிக்கையாளருக்கான பக்கத்தையே வடிவமைத்துத் தரச் சொன்னால் அது இலவச வேலை. "கற்பனைக் கம்பெனி ஒன்றை வைத்துச் செய்து காட்டட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் திறமையைப் பார்க்க விரும்புபவர் தாராளமாக என்பார்.

"பிடித்தமே இல்லை, முழுசா கைக்கு வரும்"

காதுக்கு இனிப்பாக இருக்கும். பொருள் என்னவென்றால், உங்களை ஊழியராக எடுக்கவில்லை, கன்சல்டன்டாக எடுக்கிறார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி கிடையாது. சம்பளத்துக்கான வரிக் கணக்குக்குப் பதில் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வரி) பிடிப்பார்கள், அதைத் திரும்பப் பெற நீங்களே ரிட்டர்ன் போட வேண்டும். இந்தியாவில் கம்பெனி பதிவு செய்யாத வெளிநாட்டு ஸ்டார்ட்அப் இப்படி எடுப்பதில் சூது ஏதும் இல்லை. கிண்டியில் ஆபீஸ் வைத்து, காலை ஒன்பதுக்குக் கைரேகை வைக்கச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் மட்டும் கன்சல்டன்ட் என்று போடுவதுதான் சூது.

பாண்டும் அசல் சான்றிதழும்

"பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிக்காது" என்று டீக்கடையில் சொல்வார்கள். அப்படி நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. விலகிய பிறகு வேறெங்கும் சேரக் கூடாது என்ற தடை வேறு விஷயம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. பாண்டு இருந்தால் தொகையைப் பாருங்கள், அதற்கு ஈடான பயிற்சி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். யூடியூப் வீடியோ பார்க்கச் சொல்லி 3 லட்சம் பாண்டு போடுகிறவரோடு பேச ஒன்றும் இல்லை. அசல் மார்க் ஷீட்டைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வைத்துக்கொள்வோம் என்றால் வேண்டாம்.

முகவரி ஒரு மாதிரி இருக்கிறது

பதிவு முகவரி தி. நகரில் ஆடிட்டர் வீட்டு மாடியாகவோ நங்கநல்லூரில் ஃபவுண்டரின் அப்பா வீடாகவோ இருப்பது சகஜம். பல கம்பெனிகள் வாடகைக்குப் பகிர்ந்துகொள்ளும் கோவொர்க்கிங் இடமும் சகஜம். எப்படியோ, கையெழுத்துக்கு முன் ஒரு வேலை நாளில் சாயங்காலம் நேரில் போய்ப் பாருங்கள். நண்பர் ஒருவர் துரைப்பாக்கத்தில் அப்படிப் போனபோது வாசலில் இருந்த செக்யூரிட்டி ரிஜிஸ்டரை மூடிவிட்டுச் சொன்னாராம்: "அவங்களா தம்பி? ரெண்டு மாசம் முன்னாடியே காலி பண்ணிட்டாங்க. உங்கள மாதிரி தினம் ரெண்டு பேரு வராங்க."

சரி, அக்கா மகள் கதைக்கு வருகிறேன். 41 எப்படி 23 ஆனது என்று அவள் மெயிலில் கேட்டாள். மறுநாள் ஃபவுண்டரே அழைத்தார். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் போய்விட்டதால் அந்த சப்போர்ட் குழுவையே கலைத்தோம், இப்போது எடுப்பது புது ப்ராடக்டுக்கு, கையில் எட்டு மாதச் சம்பளப் பணம் இருக்கிறது என்று சொன்னாராம். பெர்ஃபார்மன்ஸ் பே போன வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அவள் அந்த 1,20,000-இல் பாதியை மாதச் சம்பளத்துக்கு மாற்றித் தரச் சொன்னாள். கொஞ்சம் இழுத்து, ஒத்துக்கொண்டார்கள்.

சேரும்போது நான் சொன்னது ஒன்றுதான். ஒரு மாதத்துக்கான பி.எஃப். பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், அதனால் இரண்டாவது மாதம் 20-ஆம் தேதி வாக்கில் பாஸ்புக்கைத் திற, ஒன்றும் இல்லையென்றால் முதலில் அக்கவுண்ட்ஸில் கேள், அப்புறமும் இல்லையென்றால் பி.எஃப். குறைதீர்க்கும் தளத்தில் புகார் போடு, ராயப்பேட்டை ஆபீஸுக்கு நானும் கூட வருகிறேன்.

22-ஆம் தேதி ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அவள் பங்கு 1,800, கம்பெனி பங்கு 550, பென்ஷன் 1,250. கீழே ஒரு வரி: "மாமா, 550 தான் போட்டிருக்காங்க, ஏமாத்தறாங்களா?" மிச்ச 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகிறது, கூட்டினால் அதே 1,800 என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.